கையில் சுளகு, காதில் டிவி

எங்கள் ஊரில் டிவியைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம் என்று தாமிரபரணிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் ஊர்களில் பீடி சுற்றாத வீடு அரிது. முதல் நாள் இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துவிடுவார்கள். காலையில் தகடு வைத்து வெட்டி, சுளகை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பிறகு எழுந்திருப்பது சோறு பொங்கவும் தண்ணீர் எடுக்கவும்தான். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கிற வேலை அம்மாவின் விரல்களில் தானாக நடக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கண் நிமிர்ந்தால் கணக்குக் குறையும். அதனால் கண்ணுக்கு எப்போதும் வேலை இருந்தது. காதுதான் சும்மா இருந்தது.

அந்தக் காதை யார் பிடித்தார்கள் என்பதே எங்கள் பக்கத்து டிவியின் கதை. தமிழ்த் தொலைக்காட்சி வளர்ந்த விதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளிகளையும் கட்சிகளையும் செயற்கைக்கோள்களையும் பற்றி எழுதுகிறார்கள். அதெல்லாம் உண்மை, வேண்டியதும்கூட. ஆனால் எங்கள் வீட்டுப் பட்டாசலில், அந்த முன்கூடத்தில், சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களை விட்டுவிட்டு அந்த வரலாற்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

டிவிக்கு முன்னால் வானொலி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. அதைவிட நெருக்கமாக எங்கள் தெருவில் ஒலித்தது இலங்கை வானொலி. கடலைத் தாண்டி வருகிற அந்தத் தமிழ் அவ்வளவு தெளிவாக இருக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்ற பெயர்கள் எங்கள் அத்தைமாருக்கு உறவினர் பெயர்போலப் பழக்கம். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசும்போது, நூல் அறுக்கிற சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டு கேட்பார்கள். பீடி சுற்றுகிறவர்களுக்கு வானொலியைப்போல ஒத்துப்போன பொருள் வேறில்லை. அது கண்ணைக் கேட்காது.

முதல் டிவியும் இலங்கையிலிருந்துதான் வந்தது. இதைச் சென்னைக்காரர்களிடம் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிவிட்டது. அந்த அலை திருநெல்வேலி வரை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கி, பிதுருதலாகல மலையிலிருந்து ஒளிபரப்பியபோது, கடலுக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடி, திருச்செந்தூர், திருநெல்வேலியில் இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. மலையின் உயரம் ஒரு காரணம். நடுவில் தடுப்பில்லாத கடல் இன்னொரு காரணம். வெயில் காலத்து மாலைகளில் கடலின் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலைகள் வளைந்து வெகுதூரம் வரும். அதனால் சித்திரை வைகாசியில் படம் கிளியராக இருக்கும். ஐப்பசி மழையில் புள்ளி புள்ளியாகப் போய்விடும்.

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பி வந்தவர். இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, தென்னைமரத்தைத் தாண்டும் உயரத்துக்கு ஆன்டெனா நட்டார். உச்சியில் பூஸ்டர். அதை இலங்கைப் பக்கம், கிழக்கு பார்த்துத் திருப்ப ஒருவர் தட்டட்டியில் நிற்பார், ஒருவர் வாசலில் நின்று கத்துவார், ஒருவர் பெட்டியின் முன்னால் இருப்பார். சிங்களத்தில் ஓடுகிற நிகழ்ச்சியைத் தெருவே உட்கார்ந்து பார்த்தது. தமிழ்ச் செய்தியோ தமிழ்ப் படமோ வந்தால் அன்றைக்குத் திருவிழா. அடுத்த வருடம் ஜூலையில் கொழும்பில் தமிழர்களைக் கொன்றும் கடைகளை எரித்தும் நடந்த கொடுமையைக் கேள்விப்பட்டு, அந்த வீட்டுக்காரர் பல நாள் டிவியைப் போடவே இல்லை. யாரும் போய்ப் போடச் சொல்லவும் இல்லை. எரிந்த தெருக்களின் பெயர் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும்.

பிறகு டெல்லி வந்தது. 1982 ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கி, அடுத்த ஆண்டு இன்சாட் 1பி விண்ணுக்குப் போனதும், நாடெங்கும் சிறு திறன் அஞ்சல் நிலையங்களை வேகவேகமாக நட்டார்கள். 1984, 85 வாக்கில் எங்கள் பக்கமும் படம் வந்தது. ஆனால் அந்தச் சிறு கோபுரங்கள் டெல்லியில் இருந்து செயற்கைக்கோள் வழியாக இறங்குவதை அப்படியே திருப்பி அனுப்பத்தான் செய்தன. சென்னை நிலையத்தின் தமிழ் அவற்றில் ஏறவில்லை. தமிழ்நாட்டுக்குள், தமிழ்நாட்டின் டிவியில், இரவு முழுக்க இந்தியும் ஆங்கிலமும். 1965-ல் இந்தி எதிர்ப்புக்காகப் பையன்கள் உயிரைக் கொடுத்த மாநிலத்தில், இருபதே ஆண்டில் வீட்டுக்குள்ளேயே இந்தி வந்து உட்கார்ந்தது.

கோபம் இருந்ததா என்றால், எங்கள் பட்டாசலில் இருந்தது வேறு ஒன்று. எட்டாக் கையில் இருக்கிற பண்டத்தைப் பார்க்கிற ஆற்றாமை. 'ஹம் லோக்' ஓடும்போது அத்தை நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு பெண் அழுகிறாள், ஒரு கிழவர் கத்துகிறார், ஏன் என்று தெரியாது. மறுபடி குனிந்துகொள்வாள். கேட்டால் புரியாத டிவி பீடி சுற்றுகிறவளுக்கு ஒன்றுக்கும் ஆகாது. தெருவில் இந்தி பிரசார சபாவில் படித்துத் தேறிய ஒரு வாத்தியார் இருந்தார். அவரை முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அவர் ஒரு வசனத்தைக் கேட்டு, யோசித்து, தமிழில் சொல்வதற்குள் அடுத்த மூன்று வசனம் போயிருக்கும். அவர் சொல்வதைக் கேட்டு ஆண்கள் தலையாட்டுவார்கள். பெண்கள் சீக்கிரமே கேட்பதை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். டிவி ஓடும், அவர்கள் பேசுவார்கள், "சத்தம் போடாதிய" என்று ஒருவர் அதட்டுவார். இந்தி டிவியின் முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் அதட்டப்படுகிறவர்களாக இருந்தார்கள்.

1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியபோது இது அப்படியே தலைகீழானது. ஞாயிற்றுக்கிழமை காலை. அதுவும் இந்திதான். ஆனால் கதை எங்களுடையது. வில்லுப்பாட்டிலும் தோல்பாவைக் கூத்திலும் கோயில் வாசல் சொற்பொழிவுகளிலும் ஆச்சி கேட்டுக் கேட்டு ஊறிய கதை. வசனம் புரிய வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. "இப்பம் பாரு, கூனி வருவா" என்பாள். கூனி வருவாள். வாத்தியார் ஏதோ விளக்க வாயெடுத்தால், "நீரு சும்மா இரும் வே, எனக்குத் தெரியும்" என்பாள். டெல்லியிலிருந்து வருகிற ராமாயணத்தில் எது கம்பன் சொன்னபடி இல்லை என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். அகலிகை பற்றி அவளுக்கும் வாத்தியாருக்கும் நடந்த சண்டையை எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. மொழி தெரிந்தவரைக் கதை தெரிந்தவள் அடக்கிவைத்த காலைப்பொழுதுகள் அவை.

அந்தக் காலத்துத் தூர்தர்ஷனிடம் எனக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் அசாமி, பிறகு ஒரியா, கன்னடம், மலையாளம், மணிப்புரி. ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அதை வாசித்து வாசித்து நான் ஆங்கிலம் கற்றேன். பிரம்மபுத்திராவில் படகு போகிறதை, வங்கத்துக் கிராமத்தில் குளத்தில் ஒருத்தி குடம் மொள்கிறதை அம்மா ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறாள். தமிழ்ப் படத்தின் முறை எப்போது வரும் என்று காத்திருந்தோமே தவிர, காத்திருந்த நேரத்தில் ஒரு தேசத்தைப் பார்த்தோம். பின்னால் எங்களுக்கென்று நூறு சேனல் வந்தபோது இந்த ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அசாமிப் படம் ஒன்றைக் கடைசியாக எங்கள் வீட்டில் எப்போது பார்த்தோம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் கோபுரத்தில் இருந்து சென்னை நிகழ்ச்சி கிடைக்க ஆரம்பித்ததும், ஊரில் ஆன்டெனாக்கள் எல்லாம் கிழக்கை விட்டு வடக்கே திரும்பின. வசதியான வீட்டில் இரண்டு வைத்திருந்தார்கள், கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. ஷோபனா ரவி வாசிக்கிற தமிழ்ச் செய்தி. செவ்வாய்க்கிழமை நாடகம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. அந்த அரைமணி நேரம் தெருவில் நடமாட்டம் இருக்காது. பஸ்ஸில் வருகிறவர்கள்கூட முக்கில் இறங்கி, டிவி உள்ள கடையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வாரத்துக்கு ஐந்தாறு பாட்டு. ஒரு பாட்டு போய் அடுத்த பாட்டு வருவதற்குள் அது எந்தப் படம் என்று பந்தயம் நடக்கும். எங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் சுளகு கீழே இறங்கும்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதே ஆண்டு கேரளத்தில் ஏஷியாநெட். அடுத்தடுத்த ஆண்டுகளில் கன்னடத்தில் உதயா, தெலுங்கில் ஜெமினி, ஈ டிவி, தமிழிலேயே ராஜ், விஜய், ஜெயா. டெல்லி ஒரே குழாயில் எல்லோருக்கும் ஊற்றிய காலம் ஐந்தாறு வருடத்தில் முடிந்துபோனது. இதற்கு எந்தச் சட்டமும் போராட்டமும் காரணமாக இருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம். செயற்கைக்கோளில் இடம் வாடகைக்குக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து மேலேற்றினால் போதும் என்றிருந்தது. தெருத் தெருவாக வயர் இழுக்க வேலையில்லாத இளைஞர்கள் இருந்தார்கள். கேபிளை ஒழுங்குபடுத்தும் சட்டமே 1995-ல்தான் வந்தது.

அந்த இளைஞர்களில் ஒருவன் என் பெரியப்பா மகன். கல்லூரி விடுமுறையில் அவனோடு நானும் ஏறி இறங்கினேன். மொட்டை மாடியில் கம்பிவலை போட்ட பெரிய டிஷ். கீழே ஒரு சின்ன அறையில் ரிசீவர்களும் மாடுலேட்டர்களும், சேனலுக்கு ஒன்றாக, சூடாக. அங்கிருந்து கிளம்புகிற வயர் கரண்ட் கம்பத்திலும் வேப்பமரத்திலும் கட்டித் தெருவுக்குள் போகும். போகப் போகச் சிக்னல் இளைக்கும். அதனால் இடையிடையே யாராவது ஒருவர் வீட்டில் கரண்ட் எடுத்து ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும். அந்த வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள தெரு முழுக்கப் படம் போய்விடும். ஒரு நிமிடம் தாண்டாது. சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "ஏய்யா, எங்க தெருவுல மட்டும் ஏன் இருட்டிக் கெடக்கு? அங்ஙன கோயில் தெருவுல எல்லாம் தெரியுதாம்லா." முன்பெல்லாம் சத்தம் போடாதே என்று அதட்டப்பட்டவர்கள் இப்போது கேட்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள். சந்தா கொடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய பீடிக்கூலியில் இருந்துதான். வசூலுக்குப் போகும் அண்ணன் அவர்களிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

முதலில் சினிமாப் பாட்டு, சினிமாப் படம், சினிமாக் காமெடி. பிறகு விசுவின் 'அரட்டை அரங்கம்'. பி.எச். அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்த வந்தபோது அத்தை, "எய்யா, இவரு மொகம் இப்பிடியா இருக்கும்!" என்றாள். வருடக்கணக்காகக் குரலை மட்டும் தெரிந்து வைத்திருந்தவரின் முகம் அன்றைக்குத்தான் அவளுக்குக் கிடைத்தது. நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' தொடரில் 'விடாது கருப்பு' வந்த வாரங்களில் எங்கள் ஊர்ப் பையன்கள் இரவில் ஊருக்கு வெளியே ஒதுங்கப் பயந்தார்கள். குதிரையில் காவல் வருகிற கருப்பசாமியை டிவி எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லையில் சுடலைமாடன் நிற்கிற ஊர் இது. ராமாயணத்துக்குப் பிறகு எங்கள் நம்பிக்கைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த கதை அதுதான்.

இவையெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை. வேலையோடு ஒட்டிய கதை தினசரித் தொடர்கள் வந்தபோது தொடங்கியது. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி'. 2002-ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி'. 2003-ல் 'கோலங்கள்'. இந்தத் தொடர்களைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் குறைகள் எனக்கும் தெரியும். ஒரே விஷயத்தை இழுக்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னதும் மூன்று முகத்தை மூன்று முறை காட்டுகிறார்கள், ஒவ்வொரு வசனத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வில்லி வரும்போதெல்லாம் ஒரே இசை. இதையெல்லாம் எங்கள் பட்டாசலில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு வேறு மாதிரி தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் குனிந்திருப்பவளுக்கு யார் பேசுவது என்று தெரியும். வில்லிக்கென்று ஒரு இசை இருந்தால்தான் கண் இலையில் இருக்கும்போதே அவள் உள்ளே வந்ததை அறியலாம். அதிர்ச்சியான ஒன்றைச் சொன்னதும் டமாரென்று ஓசை எழுந்து, முகங்கள் மாறி மாறி நிற்கிற அந்த இடைவெளியில்தான் நூலை அறுத்துப் பீடியைச் சுளகில் போட்டுவிட்டு அம்மா நிமிர்வாள். அவள் நிமிரும்வரை அந்தக் கதை காத்திருந்தது. மேடை நாடகத்திலும் வானொலி நாடகத்திலும் பழகிய கலைஞர்கள் இந்தத் தொடர்களுக்குள் வந்தார்கள். காதுக்குக் கதை சொல்லுகிற வித்தை அவர்கள் கையோடு வந்திருக்க வேண்டும். கையில் வேலை இருக்கிற கோடிப் பெண்களுக்காக எழுதப்பட்ட கலை இது. அந்தக் கோணத்தில் யாராவது தமிழ்த் தொடர்களை ஆராய வேண்டும் என்று எனக்கு ஆசை.

'மெட்டி ஒலி'யில் டெல்லி குமார் நடித்த சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் அங்கே படுகிற பாட்டை இங்கே இருந்து தாங்குகிற தகப்பன். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்பது உண்டு. நகையோடு சேர்த்து அதுவும் ஒரு வரதட்சணை. அந்தப் பெண்கள் உட்கார்ந்து 'மெட்டி ஒலி' கேட்டபோது நடந்த பேச்சை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "அந்த மனுசன் அஞ்சு பொட்டப்பிள்ளயளப் பெத்துட்டு என்ன பாடு படுதாரு பாரு" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். ஐந்து நிமிடத்தில் பேச்சு தொடரை விட்டுவிட்டு, மூன்றாம் வீட்டு மருமகளின் கையில் கிடக்கும் தழும்புக்கு வந்துவிடும். அந்த மருமகளும் அங்கேதான் இருப்பாள். தன் கதையைத் தன் கதையென்று சொல்ல முடியாதவள், டிவியில் வருகிறவளைச் சாக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். மதினி ஒருத்தி அப்படிப் பேசிப் பேசித்தான் தாய்வீட்டுக்குத் திரும்பி வருகிற தைரியத்தைச் சேர்த்தாள் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். இந்தியில் ஓடிய எந்தத் தொடரும் அவளுக்கு இதைச் செய்திருக்க முடியாது.

இவ்வளவு காது கொடுத்த பெண்கள் கணக்கில் இருந்தார்களா என்றால், இல்லை. எந்தத் தொடருக்கு எத்தனை பேர் என்று அளக்கிற மீட்டர்கள் வெகுகாலம் நகரங்களில் மட்டுமே இருந்தன. 2015-ல் பார்க் என்ற அமைப்பு கிராமங்களையும் சேர்த்து அளக்கத் தொடங்கும் வரை, முக்கூடலில் ஒரு தெருவே அழுதாலும் அது விளம்பரக்காரர்களின் தாளில் ஏறாது. அதற்குள் 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' எல்லாம் முடிந்துபோயிருந்தன.

2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. 2008-ல் அரசு கேபிள் தொடங்கியபோது அதன் நான்கு கட்டுப்பாட்டு நிலையங்களில் ஒன்று திருநெல்வேலியில் அமைந்தது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று மறுபடி புறப்பட்டது. ஏழை வீட்டுக்கும் டிவி சொந்தமானதை நான் முழு மனதோடு வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். கூடவே ஒன்று நடந்தது. வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் எங்கள் பட்டாசல் காலியானது. அவரவர் வீட்டில் அவரவர் சுளகு. சேர்ந்து கேட்ட பெண்கள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். தழும்பைப் பற்றிய பேச்சு எந்த வீட்டில் நடந்தது என்று பிறகு எனக்குத் தெரியவரவில்லை.

இந்தியும் வேறு உடுப்பில் திரும்பி வந்தது. ராஜ் டிவியில் 'சிந்து பைரவி', பாலிமரில் 'உள்ளம் கொள்ளை போகுதடா', விஜய்யில் 'என் கணவன் என் தோழன்'. எல்லாம் இந்தித் தொடர்கள், தமிழில் பேசின. வேலை போகிறது என்று சின்னத்திரைக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் 'ஹம் லோக்'கில் அழுத பெண்ணின் காரணம் தெரியாமல் குனிந்துகொண்ட அத்தை, ராஜஸ்தானத்துப் பெண்ணின் கதையை முழுசாகக் கேட்டு, "எல்லா ஊர்லயும் இப்பிடித்தான் இருக்கானுவ" என்றபோது, அந்த நாளில் எங்கள் பட்டாசலில் கிடைக்காமல் போனது அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கடலுக்கு அந்தப் பக்கமும் காலம் திரும்பியிருந்தது. ஒருகாலத்தில் நாங்கள் ரூபவாஹினிக்கு ஆன்டெனா தூக்கினோம். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் சென்னைத் தொடர்களைப் பார்க்கிறார்கள்.

என் மனக்குறை வேறு. தமிழ் டிவி வந்தது, எங்கள் தமிழ் அதில் வரவில்லை. தொடரில் வருகிற வீடு சென்னை வீடு, அல்லது காரைக்குடிப் பக்கத்து வீடு. "ஏலே" என்று ஒருவன் பேசினால் அவன் சிரிப்பு மூட்ட வந்தவன், அல்லது அரிவாள் எடுக்க வந்தவன். "அத்தான் வந்தாவ, சாப்பிட்டாவ, போயிட்டாவ" என்று மரியாதையும் பாசமுமாகப் பேசுகிற ஒரு சாதாரணப் பெண்ணைத் திருநெல்வேலிக்காரியாக நான் தொடர்களில் தேடிக்கொண்டே இருக்கிறேன். விஜய் டிவியின் 'தமிழ்ப் பேச்சு எங்கள் மூச்சு' மேடையில் நெல்லை கண்ணன் அமர்ந்து பேசியபோது ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லோடு வந்த நாட்களில் யாரும் சேனலை மாற்றியதில்லை. சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்கு எங்கள் ஆறு பிறக்கும் மலையின் பெயரை, பொதிகை என்று வைத்தார்கள். 2024 ஜனவரியில் அதை டிடி தமிழ் என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயர் திரையின் மூலையில் இருந்தவரைக்கும் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும்தான்.

அந்தக் குறையை ஈடுகட்டியது அண்ணனின் சின்ன அறைதான். கேபிள்காரர்கள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் ஓட்டிய காலம் அது. பகலில் பழைய படம், குழந்தைகளின் பிறந்தநாள் போட்டோ, ஜவுளிக்கடை விளம்பரம். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வருவதைத் திருநெல்வேலிக்காரர்கள் போட்டார்கள். எங்கள் அண்ணன் கோயில் கொடை விழாக்களைப் போட்டான். கல்யாண வீடியோ எடுப்பவரைக் கூப்பிட்டு, சுடலைமாடன் கொடையில் விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டையும் மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்தையும் எடுக்கச் சொல்லி, மறுநாள் வி.சி.பி.யில் போட்டு அப்படியே கேபிளில் ஏற்றுவான். படத்தில் வெளிச்சம் பத்தாது. சத்தத்தில் ஜெனரேட்டர் இரையும். ஆனால் வில்லில் வீசுகோல் விழுகிற ஓசையும், குடத்தில் தட்டுகிற தாளமும், புலவர் பாட்டை நிறுத்தி வசனத்துக்கு வருகிற அந்த நெல்லைத் தமிழும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். அன்றைக்குப் பிற்பகலில் 'சித்தி'யை மறுபடி போட்டாலும் பார்க்க ஆளிருக்காது. இரவு கொடை பார்க்க முடியாமல் பீடிக்கணக்கு முடிக்க உட்கார்ந்திருந்த பெண்கள், பகலில் சுளகோடு உட்கார்ந்து அந்தக் கொடையைக் கேட்டார்கள். இசக்கியம்மன் கதையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நியாயம் கேட்கிற கட்டம் வந்தால், பின்னால் தள்ளி மறுபடி போடச் சொல்லி அறைக்கு ஆள் அனுப்புவார்கள். அண்ணன் மறுபடி போடுவான். சென்னையில் இருக்கிற எந்தச் சேனலிடமும் அப்படிக் கேட்க முடியாது.

செட்டாப் பெட்டி கட்டாயமானதும் இந்தச் சேனல்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேலே இருந்து வருகிற சேனல்களை அப்படியே கொடுக்கிற முகவராக அண்ணன் ஆனான். மாடுலேட்டர்களை எடைக்குப் போட்டான். கேசட்டுகளை மட்டும் அவனுக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, ஊர்ப் பெயரும் கொடை நடந்த மாதமும் எழுதி, மச்சில் வைத்திருந்தான்.

இப்போது கொடைகளை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். மும்பை தாராவியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு, "வரத்துப்பாட்டுல பாதிய விட்டுட்டாவளே" என்று போனில் சண்டைக்கு வருகிறார்கள். தவறவிட்ட வரிகளைப் பாட இன்று புலவர்கள் பலர் இல்லை. அண்ணன் வீட்டுக் கேசட்டுகளில் அவர்கள் இருக்கிறார்கள். அதனால் பெட்டியை இறக்கித் துடைத்து, பெயர் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பூஞ்சை பிடித்தவை தனியாக, நாடா சிக்கியவை தனியாக. ஓடுகிற நிலையில் இருப்பவற்றை டிஜிட்டலாக மாற்றித்தர திருநெல்வேலி டவுனில் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். முதலில் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய அம்மாவைத்தான் உட்கார வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கேசட்டின் பெயரையும் வாசித்தால், எந்தக் கொடையில் யார் எந்தக் கதையை முழுசாகப் பாடினார் என்று அவள் சொல்லிக்கொண்டு வருகிறாள். மதினி பக்கத்தில் பீடி சுற்றியபடியே கேட்டு, நோட்டில் எழுத வேண்டியதை எனக்கு எடுத்துக் கொடுக்கிறாள்.